மொயீன் வெளியே வந்தானா?

‘கல்லி பாய்’ படத்தை இரண்டு முறை பார்த்தேன். முதல் முறை 2019 பிப்ரவரியில், பெங்களூரு மல்டிபிளெக்ஸ் ஒன்றில், ஆபீஸ் நண்பர்கள் ஆறு பேரோடு. படம் முடிந்ததும் கைதட்டினோம். பார்க்கிங்கில் இரண்டு பேர் ‘அப்னா டைம் ஆயேகா’வைப் பாடிக்கொண்டே பைக்கை எடுத்தார்கள். நம்ம நேரம் வரும் என்று பொருள். மாதச் சம்பளம் ஒன்றாம் தேதி தவறாமல் வந்துவிடுகிற எங்களுக்கு இன்னும் எந்த நேரம் வர வேண்டியிருக்கிறது என்று அப்போது தோன்றவில்லை.

இரண்டாம் முறை அதே வருடம் மே மாதம், ஓசூரில், சிப்காட்டை ஒட்டிய ஒற்றை அறையில், என் லேப்டாப்பில். அறை என் ஊர் நண்பனுடையது. சிங்காரப்பேட்டையில் ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை என்னோடு படித்தவன். இப்போது பிரஸ் ஷாப் ஒன்றில் கான்ட்ராக்ட் ஆப்பரேட்டர். அவனோடு ஷிஃப்டில் நிற்பவர்களில் பாதிப்பேர் பீகார், ஒடிசாக்காரர்கள் என்பதால் இந்தி ஓரளவு புரியும். புரியாத இடத்தில் நான் சொன்னேன்.

கடைசிக் காட்சி. பெரிய மேடை, வெளிச்சம், கூட்டம். முராத் மைக்கைப் பிடிக்கிறான். எனக்கு இரண்டாவது முறையும் மயிர்க்கூச்செறிந்தது. அவன் பக்கம் திரும்பினேன். அவன் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

“மொயீன் வெளிய வந்தானா மச்சான்?”

“அது படத்துல இல்லடா.”

“ஓ” என்றான். எழுந்துபோய் டிபன் பாக்ஸைக் கழுவினான்.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது. அவன் ஏன் அதைக் கேட்டான் என்பதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் படம்.

*

ஜோயா அக்தர் இயக்கிய ‘கல்லி பாய்’, மும்பை ராப் பாடகர்கள் டிவைன், நேஸி ஆகியோரின் வாழ்க்கையிலிருந்து உந்துதல் பெற்றது. வாழ்க்கை வரலாறு அல்ல. திரைக்கதையை ஜோயாவும் ரீமா காக்தியும் எழுதினார்கள், வசனம் விஜய் மௌரியா. பெர்லின் திரைப்பட விழாவில் முதலில் திரையிடப்பட்டு, ஆஸ்கருக்கு அந்த வருடத்து இந்தியப் படமாக அனுப்பப்பட்டது. தாராவிப் பையன் முராத் கல்லூரியில் படிக்கிறான், நோட்டில் ரகசியமாகப் பாட்டு எழுதுகிறான். அப்பா டிரைவர். வீட்டுக்கு இரண்டாவது மனைவியைக் கூட்டிவருகிறார். அவர் கால் அடிபட்டதும் முதலாளி வீட்டுக் காரை முராத் ஓட்ட வேண்டியிருக்கிறது. எம்.சி. ஷேர் என்ற ராப்பரைச் சந்திக்கிறான், மேடை ஏறுகிறான்.

நல்ல படம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே எழுதப்போவது மோசமான படங்களைப் பற்றி எழுதத் தேவையில்லாத விஷயம். அந்தக் கார் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாளியின் மகள் பின்சீட்டில் அழுகிறாள். முன்சீட்டில் முராத். இருவருக்கும் நடுவில் கைக்கெட்டும் தூரம்தான். திரும்பி ஒரு வார்த்தை ஆறுதல் சொல்ல முடியாது. சொன்னால் அது அத்துமீறல். அந்தத் தூரத்தைத்தான் அவன் அன்றைக்குப் பாட்டாக்குகிறான். வர்க்கம் என்ற சொல்லை உச்சரிக்காமல் அதைக் காட்டிய இந்தியப் படக் காட்சிகள் எனக்குத் தெரிந்து குறைவு. பாட்டு எங்கிருந்து வருகிறது என்பதற்கும் இதைவிட நேர்மையான விளக்கம் கிடையாது. வாயைத் திறக்க அனுமதி இல்லாத இடத்தில்தான் அது ஊறுகிறது.

சிக்கல் இன்னொரு காரில் இருக்கிறது. படமே கார் திருட்டில்தான் தொடங்குகிறது. இரவில் நண்பர்கள் ஒரு காரைத் திருடுகிறார்கள். முராத்தும் கூட இருக்கிறான், கொஞ்சம் பயந்து, கொஞ்சம் ஒட்டாமல். முன்னால் நின்று செய்பவன் மொயீன். விஜய் வர்மா நடித்த பாத்திரம். மெக்கானிக் வேலை, சிரிப்பு, தெனாவட்டு. கூடவே கஞ்சா வியாபாரம். அதில் சின்னப் பையன்களை வேலைக்கு வைத்திருக்கிறான். முராத் அதைப் பார்த்து அவனோடு சண்டை போடுகிறான். பின்னால், அம்மாவோடு வீட்டைவிட்டு வெளியேறிப் பணத்துக்குத் திண்டாடும்போது, அதே முராத்தான் மொயீனோடு மறுபடி கார் திருடப் போகிறான். கடைசியில் பிடிபடுவது மொயீன். முராத் அல்ல. சிறைக்குப் பார்க்கப் போகிறவனிடம் மொயீன் கோபப்படுவதில்லை, அவனை மாட்டிவிடுவதுமில்லை. படம் இதை நட்பின் உச்சம் என்று வைக்கிறது. நமக்கும் கண் கலங்குகிறது.

ஆனால் திரைக்கதை அந்த இடத்தில் செய்கிற வேலையைக் கவனிக்க வேண்டும். முராத்தின் பேரில் இருந்த குற்றம் மொத்தமும் மொயீன் பேருக்கு மாற்றி எழுதப்படுகிறது. கணக்கு நேராகிவிட்டது. சுத்தமான கையோடு முராத் மேடை ஏறலாம். நாமும் உறுத்தல் இல்லாமல் கைதட்டலாம்.

*

குற்ற வாழ்க்கையிலிருந்து ராப் பாடகனாக உயர்கிறவனின் கதை அமெரிக்காவில் ஒரு தனி வகையாகவே இருக்கிறது. அதன் அச்சு அசல் உதாரணம் 2005இல் வந்த ‘கெட் ரிச் ஆர் டை ட்ரையின்’. 2000 மே மாதம் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் ஒன்பது முறை சுடப்பட்டுப் பிழைத்தவர் 50 சென்ட். 2003இல் இதே பெயரில் வந்த ஆல்பத்தால் உலகப் புகழ் அடைந்தவர். படத்தில் தன் சாயலிலேயே மார்கஸ் என்ற பாத்திரமாக நடித்தார். இயக்கியவர் அயர்லாந்துக்காரர் ஜிம் ஷெரிடன். போதைப்பொருள் விற்கும் தாய், அவள் கொலை, பையனும் அதே தொழில், சிறை, துப்பாக்கிச் சூடு, பாட்டு. கடைசியில் மேடைக்குப் பின்னால் பழைய எதிரி மஜெஸ்டிக் வந்து நிற்கிறான். மார்கஸ் அவனோடு சண்டை போடுகிறான், ஆனால் கொல்லவில்லை, விலகி நடக்கிறான். சுடுவது பாமா. சிறையில் கிடைத்த நண்பன், இப்போது மேனேஜர். துப்பாக்கிச் சத்தத்துக்குப் பிறகு மார்கஸ் மேடைக்குப் போகிறான், கூட்டம் ஆர்ப்பரிக்கிறது.

பாமாவும் மொயீனும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். ஒருவன் நியூயார்க்கில், ஒருவன் மும்பையில். நாயகன் வெளிச்சத்துக்குள் நடக்கிற அதே நிமிடத்தில், அவன் செய்திருக்க வேண்டியதை அல்லது செய்ததை, பக்கத்தில் இருப்பவன் தன் தலையில் எடுத்துக்கொள்கிறான்.

இந்த வகையில் எனக்குப் பிடித்த படம் அதே 2005இல் வந்த ‘ஹஸில் அண்ட் ஃப்ளோ’. கிரெய்க் புரூயர் இயக்கியது. மெம்ஃபிஸ் நகரத்தில் பெண்களை வைத்துத் தொழில் செய்யும் தரகன் டீஜே. டெரன்ஸ் ஹோவர்டு நடித்தார், ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது. ‘கெட் ரிச்’சில் பாமாவாக நடித்தவரும் இவர்தான். பாட்டு ரெக்கார்டு செய்ய நல்ல மைக் வேண்டும், காசு இல்லை. தன்னிடம் இருக்கும் நோலா என்ற பெண்ணைக் கடைக்காரனிடம் அனுப்பி மைக்கை வாங்குகிறான். அந்த மைக்கில்தான் பிறகு நாம் ரசிக்கிற பாட்டு பதிவாகிறது. படம் இதை மறைக்கவில்லை. பாட்டு எவ்வளவு நன்றாக வருகிறதோ அவ்வளவுக்கு நமக்கு அந்த மைக் ஞாபகம் வந்துகொண்டே இருக்கிறது. முடிவில் சிறைக்குப் போவதும் அவனே. அவன் உள்ளே இருக்கும்போது நோலாதான் வெளியே அலைந்து பாட்டை ரேடியோவில் ஏற்றுகிறாள். இங்கே கணக்கு நேராகவில்லை. படம் நேராக்க முயலவுமில்லை. அதனால்தான் நல்ல படம். நோலாவின் பார்வையில் இன்னொரு படம் இருக்கிறது, அதை யாரும் எடுக்கவில்லை என்பதும் பார்க்கும்போதே தெரிகிறது.

2002இல் வந்த ‘8 மைல்’ இந்த வகையின் ஓரத்தில் நிற்கிறது. எமினெம் நடித்த ராபிட், டெட்ராய்ட்டில் கார் பாகங்கள் அடிக்கும் தொழிற்சாலையில் வேலை செய்கிறவன். குற்றவாளி என்று சொல்ல முடியாது, ஏழை. கடைசிப் போட்டியில் எதிராளி தன்னைப் பற்றிச் சொல்லக்கூடிய எல்லா அசிங்கத்தையும் தானே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறான். எதிராளிக்குப் பேச எதுவும் மிச்சமில்லை. ஜெயித்தவன் கொண்டாடப் போவதில்லை, பாக்கி இருக்கிற ஷிஃப்டை முடிக்க இருட்டில் நடந்து போகிறான். ஓசூர்க்காரர்களுக்கு இந்த முடிவு உடனே புரியும். நைட் ஷிஃப்டுக்கு யாரும் லீவு தரமாட்டார்கள்.

ராபிட் செய்ததை யோசித்துப் பாருங்கள். தன்னைப் பற்றிய உண்மையைத் தானே சொல்வது ராப்பின் அடிப்படை. இது எனக்கு நடந்தது, இதை நான் செய்தேன், நான் இன்னார். நம் கூத்தில் வேடம் கட்டியவன் திரைக்குப் பின்னாலிருந்து வந்ததும், கட்டியங்காரன் யார் நீ என்று கேட்க, தன் பேரையும் பெருமையையும் தானே சொல்லிக்கொள்வான் இல்லையா, அந்த மாதிரி. வித்தியாசம் என்னவென்றால் கூத்தில் துரியோதனன் வேடம் கட்டியவர் விடிந்ததும் வேடத்தைக் கலைத்துவிட்டுக் களத்துமேட்டு வேலைக்குப் போகலாம். துரியோதனன் செய்ததற்கு அவர் மேல் எஃப்.ஐ.ஆர். போட மாட்டார்கள். ராப் பாடகன் சொல்வதை வேடம் என்று எடுத்துக்கொள்வதா, வாக்குமூலம் என்று எடுத்துக்கொள்வதா? அமெரிக்க நீதிமன்றங்களில் இது நிஜமான கேள்வி. பாட்டு வரிகளைக் குற்ற வழக்கில் சாட்சியமாகப் பயன்படுத்துவதைக் கட்டுப்படுத்த 2022இல் கலிஃபோர்னியா ஒரு சட்டமே கொண்டுவந்தது. ஜார்ஜியாவில் யங் தக் என்ற ராப்பரின் மீதான வழக்கில் சில வரிகளைச் சாட்சியமாக வைக்கலாம் என்று 2023 நவம்பரில் நீதிபதி அனுமதித்தார்.

ஆகவே குற்றத்தைப் பாடுவதற்கு ஒரு முன்நிபந்தனை இருக்கிறது. அது கடந்த காலமாகிவிட்டிருக்க வேண்டும். கேஸ் முடிந்திருக்க வேண்டும், அல்லது யாரோ வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும். முராத் மேடையில் பாட முடிவதற்குக் காரணம் மொயீன் ஸ்டேஷனில் பாடவில்லை என்பதுதான்.

*

தமிழில் இப்படி ஒரு படம் ஏன் வரவில்லை என்று யோசித்தேன். ராப் நமக்குப் புதிதில்லை. 1994இல் ‘காதலன்’ படத்தில் ‘பேட்டை ராப்’ வந்துவிட்டது. 2006இல் மலேசியாவிலிருந்து யோகி பி & நட்சத்ராவின் ‘வல்லவன்’ ஆல்பம் வந்தபோது நாங்கள் பள்ளியில் இருந்தோம். செல்போனில் புளூடூத் வழியாக ஊர் ஊராகப் பரவியது. தாராவித் தமிழர்கள் அங்கம் வகிக்கும் டோப்அடெலிக்ஸ் குழு ‘கல்லி பாய்’க்கு முந்தைய வருடமே ‘காலா’வில் பாடியது. குற்ற உலகக் கதைகளுக்கும் பஞ்சமில்லை. ஆனால் இரண்டும் ஒன்று சேரவில்லை.

தமிழில் ராப் பாடகனின் எழுச்சிக் கதை என்று ஒன்று உண்டு. 2017இல் வந்த ‘மீசைய முறுக்கு’. ஹிப்ஹாப் தமிழா ஆதி தன் கதையைத் தானே எழுதி, இயக்கி, நடித்தார். அதில் நாயகன் எதிலிருந்து தப்பித்துப் பாடகன் ஆகிறான்? இன்ஜினியரிங்கிலிருந்து. முதல் முறை பார்த்தபோது சிரித்தேன். பிறகு அது சிரிப்பதற்கான விஷயமில்லை என்று தோன்றியது. ஊருக்கு ஊர் இன்ஜினியரிங் கல்லூரி முளைத்த மாநிலத்தில், ஒரு நடுத்தர வர்க்கப் பையனுக்குச் சிறை என்றால் என்ன என்று கேட்டால் அவன் கல்லூரியைத்தான் காட்டுவான். நானும் காட்டியிருப்பேன். படம் பொய் சொல்லவில்லை, தன் வர்க்கத்தின் உண்மையைச் சொன்னது. வீட்டில் புரிந்துகொள்ளும் அப்பா ஒருவர் இருந்தால் அந்தச் சிறையிலிருந்து ஜாமீன் கிடைத்துவிடும் என்பதும் அந்த உண்மையின் ஒரு பகுதி.

நிஜமான சிறைக்குப் போகிறவன் நம் சினிமாவில் வேறு இடத்துக்குப் போகிறான். ‘புதுப்பேட்டை’யின் கொக்கி குமார் அரசியலுக்குப் போகிறான். நம் ரவுடிக்குக் கிடைக்கிற மேடை கட்சி மேடை. ‘வட சென்னை’யின் அன்புக்குக் கையில் கேரம் இருந்தது. அதுவும் அவனைக் காப்பாற்றவில்லை, சிறைக்குள் அவனை நுழைக்கும் சாவியாக ஆனது. இருவரும் பாட்டுப் பாடி வெளியே வருவார்கள் என்று நம் இயக்குநர்கள் யாருக்கும் தோன்றாததற்குக் காரணம் எளிமையானது. தமிழ் சினிமாவில் எல்லோரும் பாடுகிறார்கள், யாரும் பாடுவதில்லை. நாயகன் வாயசைப்பான், குரல் வேறொருவருடையது, வரிகள் இன்னொருவருடையது. ‘இதை நான் சொல்கிறேன்’ என்கிற ராப்பின் முதல் வாக்கியத்துக்கே அங்கே இடம் இல்லை. ‘கல்லி பாய்’ பாட்டுகளில் பலவற்றை ரன்வீர் சிங்கே பாடினார் என்பது சும்மா விளம்பர விஷயம் அல்ல. அந்தக் கதைக்கு அது அவசியம்.

அந்த முதல் வாக்கியத்தைத் தமிழில் உரக்கச் சொன்னது சினிமாவுக்கு வெளியே நடந்தது. 2018 ஜனவரியில் சென்னையில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடை ஏறியது. கானாவும் ராக்கும் ராப்பும் ஒன்றாக. அந்தக் குழுவிலிருந்து வந்த அறிவு 2019இல் ‘தெருக்குரல்’ ஆல்பம் வெளியிட்டார். 2021 மார்ச்சில் ‘என்ஜாய் எஞ்சாமி’. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு நிலமில்லாமல் திரும்பிவந்த தன் பாட்டி வள்ளியம்மாளிடமிருந்து வந்த பாட்டு அது என்று அறிவு சொல்லியிருக்கிறார். அதே வருடம் ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில் அந்தப் பாட்டைப் பாடிய தீ இருந்தார், அறிவு இல்லை. பா. ரஞ்சித் பகிரங்கமாகக் கேட்ட பிறகு அறிவை வைத்து ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. என் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு புரோகிராமின் எந்த வரியை யார் எழுதினார், எந்தத் தேதியில் எழுதினார் என்று ஒரு கட்டளை கொடுத்தால் திரையில் வந்துவிடும். பாட்டுக்கு அப்படி ஒரு கட்டளை கிடையாது. வள்ளியம்மாளின் பெயரை நாம் தெரிந்துகொண்டது அறிவு அதைச் சொன்னதால்தான். உயர்ந்தவன் திரும்பிப் பார்த்துப் பெயர் சொன்னால் உண்டு.

*

இப்போது என் நண்பன்.

சிங்காரப்பேட்டை கிருஷ்ணகிரி மாவட்டத்தின் கிழக்குக் கோடியில், திருவண்ணாமலை போகிற சாலையில் இருக்கிறது. பக்கத்தில் ஜவ்வாது மலை. ஓசூருக்குக் கிருஷ்ணகிரியில் பஸ் மாறிப் போக வேண்டும். ஓசூர் தொழில் நகரம், நாங்கள் அதே மாவட்டம் என்றாலும் சிப்காட்டின் சைரன் எங்களுக்குக் கேட்காது. வானம் பார்த்த மானாவாரி நிலம். படித்தால் பெங்களூரு, படிக்காவிட்டால் கேரளத்துக் கட்டட வேலை, இல்லையென்றால் ஓசூரில் கான்ட்ராக்ட். நான்காவதாக ஒரு வழி இருந்தது. மேஸ்திரி வருவான், அட்வான்ஸ் கொடுப்பான், வேனில் ஏற்றுவான். இரவில் ஆந்திர எல்லை தாண்டி, சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டித் தோளில் சுமந்து இறக்க வேண்டும். செம்மரம் உலகத்திலேயே கிழக்குத் தொடர்ச்சி மலையின் அந்தத் தென்பகுதியில்தான் இயற்கையாக வளர்கிறது. துறைமுகம் வழியாக வெளிநாடு போகிற மரம். வெட்டுகிறவனுக்குக் கூலி மட்டும்.

நண்பன் பள்ளியில் பாட்டுக் கட்டுவான். யாரைப் பற்றியும் உடனே நாலு வரி. வாத்தியார், கண்டக்டர், ரேஷன் கடைக்காரர், யாரும் தப்பவில்லை. ஒன்று எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

“பத்து மணிக்கு பஸ்ஸு வரும், பத்து மணிக்கும் வராது
வந்தா ஏற எடமில்ல, ஏறுனா எறங்க வழியில்ல”

பெஞ்சில் தாளம் போட்டுக்கொண்டு சொல்வான். யோகி பி எங்கள் செல்போனுக்கு வந்ததும் அவன் இன்னும் வேகமாகச் சொல்லப் பழகினான். பிளஸ் டூவில் என்னைவிட அவனுக்குத் தமிழில் மார்க் அதிகம், கணக்கில் ஃபெயில். நான் இன்ஜினியரிங் போனேன்.

2010, மூன்றாம் செமஸ்டர். ஃபீஸ் கட்டக் கடைசி நாளுக்கு முந்தைய வாரம் ஊருக்கு வந்திருந்தேன். ஆறாயிரம் குறைந்தது. அப்பா அலைந்துகொண்டிருந்தார். நண்பன் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நோட்டுகளைச் சட்டைப் பையில் திணித்தான். சித்தூர்ப் பக்கம் கட்டட வேலை, நல்ல கூலி என்றான். எனக்குத் தெரியாது என்று எழுதத்தான் ஆசை. அவன் வலது தோளில் தோல் உரிந்து காய்ப்புக் கட்டியிருந்தது. கட்டட வேலையில் சித்தாளுக்குத் தலையில்தான் சுமை. நான் அதைப் பார்த்தேன். எதுவும் கேட்கவில்லை. பஸ் வந்துவிட்டது.

2013இல் பிடிபட்டான். ஏழு மாதம் ஆந்திரச் சிறை. அடிக்கும்போது தெலுங்கில் திட்டினார்களாம். “எனக்குத் தெலுங்கு புரியும் மச்சான், அதான் கஷ்டம்” என்றான். நான் அப்போது முதல் கம்பெனியில் புரொபேஷனில் இருந்தேன். ஒரு முறைகூடப் பார்க்கப் போகவில்லை. முராத்தாவது போனான்.

2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திர அதிரடிப்படை 20 பேரைச் சுட்டுக் கொன்றது. பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்துக்காரர்கள். ஜவ்வாது மலையிலும் சித்தேரி மலையிலும் வீடு வீடாகச் சாவு. தற்காப்புக்காகச் சுட்டதாகப் போலீஸ் சொன்னது, தேசிய மனித உரிமை ஆணையம் விசாரித்தது. அன்று மத்தியானம் ஆபீஸ் கேன்டீனில் டி.வி.யில் பார்த்ததும் நண்பனுக்குப் போன் போட்டேன். எடுத்தான். “நான் வீட்லதான் இருக்கேன்” என்றான், நான் எதுவும் கேட்பதற்கு முன்னாலேயே. அன்றைக்கு அவனுக்கு அப்படி எத்தனை போன் வந்திருக்குமோ.

அந்த 20 பேரைப் பற்றிப் பெரிய சினிமா எதுவும் வரவில்லை. 2021 டிசம்பரில் ‘புஷ்பா’ வந்தது. அதே காடு, அதே மரம். கூலியாகத் தொடங்கி செம்மரக் கடத்தலின் தலைவனாகிறவன் கதை. முதல் பாகத்தின் பெயரே எழுச்சி. அல்லு அர்ஜுனுக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது. நண்பன் திருப்பத்தூர் போய்த் தமிழ் டப்பிங்கில் பார்த்தான். எப்படி இருந்தது என்று கேட்டேன். “நல்லா இருந்துச்சு” என்றான். “மரத்தத் தூக்குறானுங்க, ஒருத்தன்கூட தண்ணி கேக்கல.” காட்டில் அவர்களுக்குப் பெரிய பிரச்சினை போலீஸ் அல்ல, தண்ணீர் என்று பிறகு சொன்னான்.

‘புஷ்பா’வும் ‘கல்லி பாயும்’ எதிரெதிர்த் திசையில் போகிற படங்கள் மாதிரித் தெரியும். ஒன்று குற்றத்துக்குள் உயர்கிறது, மற்றது குற்றத்திலிருந்து உயர்கிறது. ஆனால் இரண்டுக்கும் பின்னணியில் ஒரு கூட்டம் வேண்டும். தோளில் கட்டையோடு வரிசையாக நடக்க, லாக்கப்பில் உட்கார, நாயகன் எவ்வளவு உயரம் வந்துவிட்டான் என்று அளந்து பார்க்க. ராப் பிறந்ததே அந்தக் கூட்டத்தில் இருப்பவன் தன் வாயால் பேசுவதற்காக. ராப்பைப் பற்றிய படம் அந்தக் கூட்டத்தை மறுபடியும் பேச்சில்லாதவர்களாக ஆக்கினால், படத்தின் வடிவம் அதன் பாட்டுக்கு எதிராக வேலை செய்கிறது என்று அர்த்தம். ‘கல்லி பாய்’ மீது எனக்கு இருக்கிற குறை இவ்வளவுதான். அழுகிற பணக்காரப் பெண்ணுக்காக ஒரு பாட்டு எழுத முராத்துக்குத் தோன்றுகிறது. மொயீனுக்காக அவன் எழுதிய பாட்டு எது?

*

அன்று ஓசூர் அறையில் டிபன் பாக்ஸைக் கழுவிவிட்டு வந்தவனிடம், முன்னாடி மாதிரிப் பாட்டுக் கட்டுவியே, காட்டைப் பற்றி ஒன்று கட்டேன், செல்போனில் ரெக்கார்டு செய்யலாம் என்றேன். படம் பார்த்த உற்சாகம். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை அவன் லீவு போட்டு, சம்பளம் இழந்து, வாய்தாவுக்கு ஆந்திரா போய்க்கொண்டிருந்த காலம் அது.

“பாட்டா? கேஸ் முடியட்டும் மச்சான்” என்றான்.

இந்தக் கட்டுரையின் கருத்து என்னுடையது என்று நினைத்துத்தான் எழுதத் தொடங்கினேன். எழுதி முடிக்கும்போது பார்த்தால், அவன் அந்த ஒரு வரியில் சொன்னதைத்தான் இவ்வளவு நேரம் நான் நாலு படங்களை வைத்து விரித்துக்கொண்டிருக்கிறேன்.

கேஸ் 2021இல் முடிந்தது, விடுதலை. அதற்குப் பிறகும் ஒருமுறை கேட்டேன். “இப்ப எதுக்கு? பொண்ணு ஸ்கூலுக்குப் போவுது” என்றான். இதை எழுதலாமா என்று போன மாதம் கேட்டபோது, எழுது, பேர் போடாதே என்றான். போடவில்லை. அவன் அனுபவத்தை எழுதி என் பெயரில் வெளியிடுகிறேன். முராத்தைப் பற்றி மேலே நான் எழுதிய எல்லாம் எனக்கும் பொருந்தும் என்பது தெரிந்தேதான் செய்கிறேன்.

ஆறாயிரத்தைத் திருப்பிக் கொடுக்க இரண்டு முறை முயன்றேன், வாங்கவில்லை. மூன்றாவது முறை, போன பொங்கலுக்கு, பணத்தைப் பற்றிப் பேசாமல் 2010இல் பஸ் ஸ்டாண்டில் அவன் தோளைப் பார்த்ததைச் சொன்னேன். “நீ பாத்தது எனக்குத் தெரியும்” என்றான். கொஞ்ச நேரம் இருவரும் எதுவும் பேசவில்லை. பிறகு அவன், வரவேண்டிய திருவண்ணாமலை பஸ் இன்னும் வரவில்லை என்று சொல்லி, தொடையில் மெதுவாகத் தாளம் போட்டுப் பழைய வரியைத் தொடங்கினான். முதல் வரி முழுசாக வந்தது. இரண்டாவது வரியை நான்தான் எடுத்துக்கொடுத்தேன்.